அவரைக்கு மருந்தடிக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனிக்கவும்

பெங்களூரில் மாடியில் அவரை போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராமமூர்த்தி நகரில் எங்கள் மாடியில் எட்டுத் தொட்டிகளில் அவரைக் கொடி. மார்கழிப் பனியில் பூவும் பிஞ்சுமாக நின்றபோது கொழுந்துகளில் கறுப்பாக ஏதோ அப்பத் தொடங்கியது. மாடித்தோட்டப் பராமரிப்பு செய்வதாகச் சொன்ன ஒருவரை வரவழைத்தேன்.

வந்தவர் ஓர் இலையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கொடியில் ஊர்ந்த ஒரு புழுவைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கறுத்த உடல், முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள், குட்டி முதலையைப் போன்ற உருவம். "இதுதான் மேடம் கொடியைத் தின்கிறது. இன்றே அடிக்காவிட்டால் ஒரு காய்கூட மிஞ்சாது" என்றார். பயந்து சம்மதித்துவிட்டேன். லேபிள் இல்லாத பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றிக் கலக்கி அடித்தார். 1,800 ரூபாய். ரசீது பிறகு அனுப்புவதாகச் சொன்னார், வரவே இல்லை.

பத்தே நாளில் கொழுந்தெல்லாம் முன்னைவிடக் கறுப்பு. கீழ் வீட்டு அக்கா தருமபுரியில் அவரைத் தோட்டத்திலேயே வளர்ந்தவர். வந்து பார்த்ததும், "இது அசுவினி, கண்ணு, சாறு உறிஞ்சுகிற குட்டிப் பூச்சி. எறும்பு ஏறுகிறது பார், இலை பிசுபிசுக்கிறது பார். அந்த ஆள் காட்டியது பொறிவண்டுக் குஞ்சு. அசுவினியைத் தின்ன வந்ததையல்லவா கொன்றிருக்கிறான்!" என்றார். காசு போனதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவரே ஒரு காயைப் பிளந்தும் காட்டினார். விதை குடையப்பட்டு, உள்ளே ஈரக் கழிவு. பூக்களை நூலால் பின்னி உள்ளிருந்து தின்பது புள்ளிக் காய்ப்புழு. வட்டமாகத் துளையிட்டு, தலையைக் காய்க்குள் விட்டு உடலை வெளியே நீட்டிக்கொண்டிருப்பது பச்சைக் காய்ப்புழு. மாடித் தோட்டத்தில் இவற்றைக் கையாலேயே பொறுக்கிவிடலாம். அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிரும். மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலை வேளையில்.

யார் வந்தாலும் பாட்டிலைக் கையில் வாங்கிப் பாருங்கள். லேபிளில் உள்ள முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை படிப்படியாகக் குறையும். அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும். லேபிள் இல்லையென்றால் கொடியைத் தொடவே விடாதீர்கள்.

மருந்தடித்தவரிடம் போனில் மருந்தின் பெயரைக் கேட்டேன். "ஆர்கானிக்தான் மேடம், நாளைக்கே சமைக்கலாம்" என்றவர், மறுபடி பெயர் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அடித்தது என்னவென்றே தெரியாத காயைப் பிள்ளைகளுக்கு எப்படிப் போடுவது? இரண்டு கிலோவையும் குப்பையில் கொட்டினேன். பொங்கல் குழம்புக்குக் கடையில்தான் அவரை வாங்கினேன்.