‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்ற புரோபயாட்டிக் பொடி: பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்

பல் சிகிச்சைக்காக ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்ட என் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியதும், அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதைச் சொல்லியே மருந்துக்கடையில் புரோபயாட்டிக் (குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியா) கேட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பெட்டியின் முகப்பில் ‘5,000 கோடி நல்ல பாக்டீரியா’ என்றும் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்றும் கொட்டை எழுத்தில் இருந்தன. பத்துப் பொட்டலங்களுக்கு 640 ரூபாய் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் இரவு வயிறு உப்பி, படுக்க முடியாமல் அம்மா விடியும்வரை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். போக்கும் நிற்கவில்லை. அப்போதுதான் அவருடைய பூதக்கண்ணாடியை வைத்துப் பின்பக்கத்தைப் படித்தேன்.

சேர்பொருள் பட்டியலில் எடையில் அதிகமானதே முதலில் வரும். இதில் முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்திலிருந்து எடுக்கப்படும் இது பெயரளவில் சர்க்கரை இல்லையென்றாலும், ரத்தத்தில் குளுக்கோஸை விரைவாக ஏற்றக்கூடியது. அடுத்து, நல்ல பாக்டீரியாவுக்கு உணவாகும் நார்ச்சத்தான ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு. அதன்பின் ‘இனிப்பூட்டி 420’, அதாவது சார்பிட்டால். குடல் முழுமையாக உறிஞ்சாத சார்பிட்டால் நீரை இழுத்துப் போக்கை மிகுதியாக்கும். இதுவும் ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடும் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும். ஏற்கெனவே போக்கினால் தளர்ந்திருந்தவருக்கு இதைக் கொடுத்துவிட்டேனே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. கடைசியில் இருந்த 551, பொடி கட்டிதட்டாமல் இருக்கச் சிறிதளவு சேர்க்கப்படும் சிலிக்கான் டை ஆக்சைடு; அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பாக்டீரியாவைப் பற்றிய விவரமோ ‘லாக்டோபேசில்லஸ் கலவை’ என்பதோடு முடிந்தது. லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்பதுபோலத் திரிபின் (ஓர் இனத்துக்குள் உள்ள தனி வகையின்) குறியீடுவரை இருந்தால்தான், ஆய்வில் பலன் தந்த திரிபு இதுதானா என்று பார்க்க முடியும். 5,000 கோடிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதன் விளக்கம் ‘தயாரிக்கும் நேரத்தில்’ என்றது. காலாவதி நாள்வரை எத்தனை உயிருடன் இருக்கும் என்ற உறுதி எங்கும் இல்லை. 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்றும் அச்சிட்டிருந்தார்கள். கடையிலோ அது ஏப்ரல் வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

மருத்துவர் பொடியை நிறுத்தச் சொன்னார். இரண்டே நாளில் உப்புசம் அடங்கியது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “பிரித்த பெட்டியை எடுக்க மாட்டோம், இது மருந்தும் இல்லை, உணவுப்பொருள்தானே” என்றார் கடைக்காரர். உணவுப்பொருள் என்பதால், மீந்த நான்கு பொட்டலங்களையும் ரசீதையும் பெட்டியின் படத்தையும் சேர்த்து உணவுப் பாதுகாப்புத் துறையிடம் புகார் கொடுத்திருக்கிறேன்.