2 மில்லி இங்க் சாம்பிள் வாங்கி எழுதிப் பாத்தேன்: எந்த கலருக்கு பாட்டில் வாங்கலாம்?

முதல்லயே முடிவ சொல்லிடறேன், அவசரத்துல இருக்கவங்க இதோட கிளம்பிடலாம். ஃபவுண்டன் பேனா இங்க்க சாம்பிளா வாங்கி எழுதிப் பாத்ததுல பாட்டிலா வாங்கப்போறது ஜப்பான் பைலட் கம்பெனியோட இரோஷிசுகு வரிசைல சுகி-யோ, டயமைன் ஆக்ஸ்பிளட், ரோரர் அண்ட் கிளிங்னர் ஆல்ட்-கோல்ட்குரூன், இந்த மூணுதான். மத்ததெல்லாம் மட்டம்னு அர்த்தமில்ல, சிலது பாக்க இத விட அழகு, ஆனா என் நிப்புக்கும் நான் தினம் எழுதுற பேப்பருக்கும் ஒத்து வரல.

நான் பெங்களூர்ல ஒரு ஸ்கூல்ல தமிழ் டீச்சர், வீடு அல்சூர். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கைல பேனாதான், பசங்க நோட்டு திருத்தணும், லெசன் பிளான் எழுதணும், ரிஜிஸ்டர் எழுதணும், ராத்திரி வீட்டுக்கு வந்தா டைரி. அதனால எனக்கு இங்க்னா போட்டோல அழகா இருந்தா மட்டும் பத்தாது, அவென்யூ ரோடு ஹோல்சேல் கடைல கட்டுக்கட்டா வாங்குற கோடு போட்ட நோட்டுல ஊறாம எழுதணும், பக்கத்த திருப்பினா பின்னாடி தெரியக்கூடாது, எழுதினத பையன் படிக்கணும். இங்க் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் டோமோ ரிவர் மாதிரி ஜப்பான் பேப்பர்ல எழுதித்தான் காட்டுறாங்க, அதுல எந்த இங்க்கும் அழகாத்தான் இருக்கும். நம்ம நோட்டுல என்ன ஆகுதுன்னு சொல்ல ஆள் கம்மி, அதுக்காகத்தான் இத எழுத உக்காந்தேன்.

சாம்பிள்னா, லேப்ல வெச்சிருப்பாங்களே குட்டி குட்டி பிளாஸ்டிக் குப்பி, வயல்னு பேர், அதுல 2 மில்லியோ 3 மில்லியோ இங்க் ஊத்தி பேர் ஒட்டி தருவாங்க. சாதாரண கன்வர்ட்டர்ல, அதாவது பேனாவுக்குள்ள இங்க்க உறிஞ்சி வெச்சுக்கிற குழாய்ல, முக்கால் மில்லி போல பிடிக்கும், பைலட் கான்-40 மாதிரி சின்னதுன்னா 0.4 மில்லிதான், அப்ப 2 மில்லிக்கு குறைஞ்சது ரெண்டு தடவை ரொப்பலாம், ஒரு கலர் நமக்கு சரிப்படுமான்னு தெரிஞ்சுக்க அது தாராளம். ஐட்ராப்பர் பேனா வெச்சிருக்கவங்க மட்டும் கொஞ்சம் யோசிங்க. திருவள்ளூர் ரங்கா மாதிரி நம்ம ஊர் எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாங்கள்ல உடம்புக்குள்ளயே நேரா இங்க் ஊத்தலாம் இல்ல, அப்படி ஊத்தினா வயல் மொத்தமும் ஒரே தடவைல காலி, அப்புறம் கலர் பிடிக்கலன்னாலும் தீர்ற வரைக்கும் அதுலதான் எழுதணும்.

கூரியர்ல வாங்குறதுல ஒரு பிரச்சனை சொல்லணும். ஒரு ஆன்லைன் விற்பனையாளர், பேர் வேணாம், வயல் மூடிக்கு டேப் சுத்தாம அனுப்பிட்டார், கவர பிரிச்சா உள்ள எல்லாமே நீலம், லேபிள் வேற தண்ணில கரையுற பேனால எழுதி இருந்ததால பேரெல்லாம் அழிஞ்சு ரெண்டு நீலத்துல எது எதுன்னே தெரியல. போன் பண்ணதும் "ஸாரி மேடம், மாத்தி அனுப்புறேன்"னு அனுப்பிட்டார். அதுல இருந்து ஆர்டர் போடும்போதே "மூடிக்கு டேப் போடுங்க, பேர பென்சில்ல எழுதுங்க"ன்னு ஒரு வரி சேத்துடுறேன், நீங்களும் சேத்துடுங்க.

கடைய விட நல்ல வழி மாத்திக்கிறது. பேனா பைத்தியம் உள்ள நாலஞ்சு பேர் சேர்ந்து கப்பன் பார்க்ல மரத்தடில உக்காந்து ஆளுக்கு கொஞ்சம் மாத்திக்குவோம், "அக்கா, இதுல ஒரு மில்லி எடுத்துக்கோங்க, எங்கிட்ட பாட்டில் இருக்கு"ன்னு ஒரு தம்பி நீட்டுவான், "ஊசிய நல்லா கழுவிட்டு உள்ள விடு தம்பி, போன தடவ என் பச்சைல உன் நீலம் கலந்துடுச்சு"ன்னு நான் சொல்லுவேன். சும்மா சொல்லல, ஒரு இங்க்ல வேற இங்க் கலந்தா சில சமயம் கசடு கட்டும், அழுக்கு ஊசி விட்டா பூஞ்சை பிடிச்சு பேனா ஃபீடு (நிப்புக்கு இங்க் கொண்டு வர்ற பாகம்) வரைக்கும் போயிடும். மெடிக்கல் ஷாப்ல கிடைக்குற சிரிஞ்சும் முனை மழுங்கின ஊசியும் போதும், ஆனா ஒவ்வொரு தடவையும் கழுவணும்.

இப்ப டெஸ்ட் பண்ற முறை. இங்கிலீஷ்ல எழுதுறவங்க எல்லா எழுத்தும் வர்ற அந்த நரி நாய தாண்டுற வாக்கியத்த எழுதிப் பாப்பாங்க, தமிழ்ல எழுதுற நமக்கு அது உதவாது. நம்ம எழுத்து முழுக்க வளைவும் சுழியும். நான் எழுதுறது "கண்ணன் கிண்ணத்தில் வாழைப்பழம்". காரணம் இருக்கு, மூணு சுழி ண-வுக்குள்ள இருக்கிற வெள்ளை இடம் ரொம்ப சின்னது, இங்க் பேப்பர்ல கொஞ்சம் பரவினாலும் முதல்ல அடைஞ்சு போறது அதான், அப்புறம் அது ண-வா ன-வான்னே தெரியாது. அந்த வித்தியாசத்துக்குத்தான் பசங்களுக்கு மார்க் குறைக்கிறேன், என் எழுத்துலயே அது தெரியலன்னா எப்படி. ழ-வோட வால்ல கை மெதுவாகும், இங்க் அங்க கொஞ்சம் தேங்கும், ஒரு இங்க்ல ஷேடிங் (ஒரே கோட்டுல கலர் வெளிரா, அடர்த்தியா மாறுறது) இருக்கா, ஷீன் (காஞ்ச இங்க் மேல வேற கலர் மினுக்கு) இருக்கான்னு அந்த வால்ல பாத்தா தெரிஞ்சுடும்.

காட்டன் பட்ஸ்ல தேச்சு காட்டுற ஸ்வாட்ச்ச நம்பாதீங்க. பஞ்சு நிறைய இங்க்க இறக்கும், அதனால கலர் எப்பவும் கருமையா, செழிப்பா தெரியும், இங்க்ல முக்கி எழுதுற கண்ணாடி டிப் பேனாவும் கிட்டத்தட்ட அப்படித்தான், நிஜ பேனால மெல்லிசா எழுதுற ஃபைன் நிப்புல எழுதினா அதே இங்க் ரெண்டு படி வெளுத்துடும். ஒரு பிராண்டோட வெளிர் ரோஸ் ஸ்வாட்ச்ல அவ்ளோ அழகா இருந்துச்சு, என் ஃபைன் நிப்புல போட்டா டியூப் லைட் வெளிச்சத்துல படிக்கவே முடியல. இன்னொண்ணு, எழுதின உடனே முடிவு பண்ணாதீங்க, ராத்திரி எழுதி வெச்சு காலைல ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க, ஈரத்துல இருக்கிற கலர் வேற, காஞ்ச கலர் வேற.

சரி, இங்க்குக்கு வரேன். ஒப்பிட்டுப் பாக்க வழக்கமா எழுதுற ராயல் புளூ ஒண்ணு பக்கத்துல இருக்கணும், எனக்கு அது பிரில், நம்ம பெங்களூர் கம்பெனி, ஸ்டேஷனரி கடைல சல்லிசா கிடைக்கும், மட்டமான நோட்டுலயும் ஒழுங்கா எழுதும். எந்த வெளிநாட்டு நீலமா இருந்தாலும் அது பக்கத்துல வெச்சு எழுதிப் பாத்துட்டு, நாம குடுக்குற கூடுதல் காசுக்கு என்ன கிடைக்குதுன்னு பாருங்க.

சுகி-யோல எனக்கு அது கிடைச்சுது. இரோஷிசுகு வரிசைய பைலட் 2007ல கொண்டுவந்துச்சு, பாட்டில் 50 மில்லி. சுகி-யோ நீலமும் இல்ல பச்சையும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல ஆழமா, கொஞ்சம் சாம்பல் பூசின மாதிரி ஒரு கலர், ஆபீஸ் ரிஜிஸ்டர்ல எழுதினா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, ஆனா உத்துப் பாத்தா சாதாரண நீலம் இல்லன்னு தெரியும். கோடு போட்ட நோட்டுல ண சுழி மூணும் திறந்தே இருந்துச்சு, எனக்கு அதுதான் முக்கியம். நிப்புல இருந்து இறங்குறது அவ்ளோ சுலபம், காலைல மூடிய கழட்டினா முதல் கோட்டுலயே எழுதுது. அதே வரிசைல கான்-பெகி இன்னும் பளிச்னு வான நீலம், ரொம்ப பேருக்கு அதான் உயிர், எனக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதினா கண்ணுக்கு அதிகமா இருக்கு.

டயமைன் இங்கிலாந்து லிவர்பூல்காரங்க, 1864ல தொடங்கினது. ஆக்ஸ்பிளட் காஞ்ச ரத்த கலர், கருஞ்சிவப்பு. திருத்துறதுக்கு பளிச்னு சிவப்பு எனக்கு எப்பவுமே பிடிக்கல, சின்ன பையன் நோட்ட திறந்ததும் பயந்துடுறான், அதுக்குன்னு பச்சைல திருத்தினா பெத்தவங்க கண்ணுல படவே மாட்டேங்குது. ஆக்ஸ்பிளட் அந்த ரெண்டுக்கும் நடுவுல அழகா நிக்குது, தனியா தெரியும், ஆனா அதட்டாது. அஞ்சாம் கிளாஸ்ல ஒரு குட்டி "மிஸ், இந்த கலர் எங்க கிடைக்கும்"னு கேட்டுச்சு. இதுல 30 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலும் வருது, வாய் குறுகலா இருக்கும், தடி பேனா உள்ள போகாது, சிரிஞ்ச் வெச்சுக்கோங்க.

ஆல்ட்-கோல்ட்குரூன் ஜெர்மனி இங்க், பழைய தங்கம் கலந்த ஆலிவ் பச்சை. இத பத்தி மட்டும் கொஞ்சம் நிறைய பேசுறேன், மன்னிச்சுக்கோங்க. மீடியம் நிப்புல மெதுவா ழ எழுதினா மேல ஆரம்பிக்குற இடத்துல வெளிர் மஞ்சப் பச்சையா இருக்கு, வளைவுல இறங்க இறங்க பச்சை ஏறுது, வால் முடியுற இடத்துல பாசி கலர்ல நிக்குது. ஒரே எழுத்துக்குள்ள மாங்கா பிஞ்சுல இருந்து முத்தின இலை வரைக்கும் தெரியுற மாதிரி. ஃபைன் நிப்புல இது பாதி கூட வராது, கோடு மெல்லிசானா ஷேடிங்குக்கு இடமே இல்ல. டைரிக்கும் ஊருக்கு போடுற கடிதத்துக்கும் இனிமே இதான், ஸ்கூல் நோட்டுக்கு வேணாம், மஞ்சள் பேப்பர்ல மங்கிடும்.

அதே கம்பெனியோட சாலிக்ஸ் வேற வகை, அயர்ன் கால் இங்க். நம்ம வீட்டுல பிள்ளை மருந்துக்கு வெச்சிருப்பாங்களே மாசிக்காய், அதுல இருக்கிற டானினும் இரும்பு உப்பும் சேந்து வர்ற பழைய காலத்து மை முறை. எழுதும்போது நீலமா இருக்கும், காத்து பட்டு நேரம் ஆக ஆக கருத்துப் போகும், தண்ணி பட்டாலும் எழுத்து நிக்கும். மட்டமான பேப்பர்ல ஊறுறது ரொம்ப கம்மி, ண சுழி டெஸ்ட்ல சுகி-யோவையே தாண்டிடுச்சு. ஆனா இந்த வகைய பேனால வாரக்கணக்குல காய விட்டு வைக்கக்கூடாது, லீவுக்கு ஊருக்கு கிளம்பும்போது கழுவணும்னு ஞாபகம் இருக்கவங்களுக்கு நல்ல இங்க், நான் ரிஜிஸ்டருக்கு மட்டும் இன்னொரு சாம்பிள் வாங்கிக்குவேன்.

ஷீன் இங்க் பக்கம் வந்தா, ஜே. எர்பான்ங்கிற பிரான்ஸ் கம்பெனியோட எமரால்ட் ஆஃப் சிவோர் 2015ல வந்ததுல இருந்து பேசாத ஆள் இல்ல. மயில் பச்சை நீலம், உள்ள தங்கத் துகள், கனமா இறங்கின இடத்துல செக்கச்செவேல்னு சிவப்பு மினுக்கு. டோமோ ரிவர் பேப்பர்ல விளக்கு பக்கம் சாய்ச்சு பாத்தேன், ழ வால் விளிம்புல முதல்ல ஒரு சிவப்பு கோடு தெரிஞ்சுது, இன்னும் கொஞ்சம் சாய்ச்சா தங்கப் பொடி மினுங்குது, வாய மூட முடியல. அதே இங்க்க ஸ்கூல் நோட்டுல எழுதினா வெறும் நீலப் பச்சை. ஷீன் வர்றது பேப்பர் உறிஞ்சாம மேலயே தங்கி காயுற சாயத்தால, நம்ம நோட்டு ஸ்பாஞ்ச் கணக்கா உறிஞ்சிடுது, அப்புறம் சிவப்பு எங்கிருந்து வரும். துகள் வயல் அடில படிஞ்சிடும், ஒவ்வொரு தடவையும் குலுக்கித்தான் எடுக்கணும்.

நம்ம பக்கத்து ஆளும் இதுல சளைச்சவங்க இல்ல. பாலக்காடு கிருஷ்ணா இங்க் வரிசைல ஜங்கிள் வால்கேனோன்னு ஒண்ணு, செங்கல் சிவப்பு, நல்ல பேப்பர்ல அதுக்கு மேல பச்சை ஷீன் ஏறுது, ஷீன் இங்க் எப்படி இருக்கும்னு பாக்க வெளிநாட்டு பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடி இத வாங்கிப் பாருங்க. பொதுவா ஷீன் அதிகமா உள்ள எதுவும் காய நேரம் எடுக்கும், இடது கைக்காரங்க, வேகமா பக்கம் திருப்புறவங்க ஜாக்கிரதை. கொல்கத்தா சுலேகா 1934ல சுதேசி காலத்துல பிறந்தது, எங்க அப்பா அதுல எழுதி இருக்கார், அதோட சாம்பிள் இன்னும் கைக்கு வரல.

கடைசியா கழுவுறது. ஒவ்வொரு கலருக்கும் நடுவுல பேனாவ சுத்தமா கழுவலன்னா பாக்குறது பழைய கலரும் புதுசும் கலந்தது. எங்க ஏரியால பாதி நாள் போர் தண்ணி, உப்பு அதிகம், அதுல கழுவி அப்படியே காய விட்டா நிப்புல வெள்ளையா படியுது, அதனால குழாய் தண்ணில கழுவிட்டு கடைசி அலசு மட்டும் ஆர்ஓ தண்ணில. டிஷ்யூவ சுத்தி நிப்ப கீழ பாத்து நிக்க வெச்சா மிச்சத்த அது இழுத்துக்கும், டிஷ்யூல கலர் வர்றது நின்னாதான் அடுத்த சாம்பிள்.

அடுத்து எனக்கு ஊதா வேணும், இரோஷிசுகு யாமா-புடோ பாக்கணும்னு ஆசை. பெங்களூர்ல யார்கிட்டயாவது இருந்தா ஒரு மில்லி குடுங்க, கான்-பெகி ஒன்றரை மில்லி மிச்சம் இருக்கு, பதிலுக்கு தரேன், மூடிக்கு டேப் சுத்தி.