தூத்துக்குடி டு கொடைக்கானல் லோ-பெட் (தாழ்தள ட்ரெய்லர்) புக் செய்யப் போகிறீர்களா? என் 1,85,000 ரூபாய் போன கதை

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாய். புதர் அரைக்கிற என் மெஷின் கொடைக்கானல் மலையடிவாரத்தில், வத்தலக்குண்டுக்கு வெளியே ஒரு காலி மனையில் இறங்கிக் கிடக்க, நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கோபம் தணிந்த பிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கம்பெனியின் பெயர் போடவில்லை, வக்கீல் வேண்டாம் என்றார். செல்போனில் லாரி பிடித்துக் கொடுக்கிற ஆப் வகையறா. "ஓவர் சைஸ் சரக்கு, மலைப்பகுதி, எல்லாம் ஒரே புக்கிங்கில்" என்று விளம்பரம் செய்கிற தளம். இந்த லைனில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் அடையாளம் தேவைப்படாது.

வேலை என்னவென்றால், கொடைக்கானலைத் தாண்டி, பூம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் பட்டா நிலத்தில் வாட்டில் மரம் அகற்றும் கான்ட்ராக்ட். வாட்டிலை வெட்டினால் மட்டும் போதாது. மண்ணுக்குள் பல வருஷம் கிடக்கிற விதை அடுத்த மழைக்கே பாயாக முளைக்கும், இரண்டு வருஷத்தில் ஆள் நுழைய முடியாத புதராகிவிடும். அந்த இளங்கன்றுகளை நின்ற இடத்திலேயே அரைத்துத் தள்ளுவதற்குத்தான் டிராக் (டயருக்குப் பதில் சங்கிலிப் பட்டை) வைத்த மல்ச்சர் ஒன்றை, பழையதுதான், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். எடை பதின்மூன்றரை டன். டிராக்கோடு அகலம் 2.8 மீட்டர். சாதாரண கன்டெய்னரின் உள் அகலமே 2.35 மீட்டர்தான் என்பதால் பிளாட் ரேக்கில் (பக்கச் சுவரும் கூரையும் இல்லாத கன்டெய்னர்) ஏற்றி, வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கியது. மேலே கனரக இயந்திரம் ஓட்ட வேண்டிய அனுமதிகளை முன்பே வாங்கியாயிற்று. அதற்கு அலைந்த அலைச்சல் தனிப் பதிவு.

கஸ்டம்ஸ் முடிந்து மெஷின் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் நின்றது. இலவச நாட்கள் முடிந்துவிட்டால் தினமும் தரை வாடகை ஓடும், பிளாட் ரேக்கை நேரத்துக்குத் திருப்பாவிட்டால் ஷிப்பிங் லைனுக்கு டாலர் கணக்கில் தனியாக அழ வேண்டும். இந்த நெருக்கடி ஆப்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது நம்பின இடத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவரையும் இதே இடத்தில்தான் பிடிப்பார்கள்.

கொடைக்கானல் மலைப்பாதையில் 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்குத் தடை, 2024 நவம்பரிலிருந்து. வத்தலக்குண்டு வழி, பழனி வழி இரண்டுக்கும்தான். லோ-பெட் ட்ரெய்லர் என்றால் இழுக்கிற வண்டியோடு சேர்த்து அதைவிட நீளம், சந்தேகமே வேண்டாம். அதனால் எந்த டிரான்ஸ்போர்ட்டரிடம் பேசினாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பாதிப் பேர் "பாத்துக்கலாம் சார்" என்பார்கள், போனை வைத்துவிடுவேன்.

இந்த ஆப் கம்பெனி ஆளிடம் நான் கேட்கவே இல்லை. அவரே ஆரம்பித்தார். "சார், பன்னெண்டு மீட்டர் ரூல் இருக்கு, லோ-பெட் மேல ஏறாது. வத்தலக்குண்டு வரைக்கும் லோ-பெட். அங்க கிரேன் வச்சு பத்து சக்கர லாரிக்கு மாத்துறோம். மல்ச்சர் ஹெட்டைக் கழட்டித் தனியா ஏத்திடுவோம், இல்லேன்னா பாடி பத்தாது." இதையெல்லாம் நான் அவருக்குச் சொல்லத் தயாராக இருந்தேன், அவர் எனக்குச் சொல்கிறார். அப்புறம், "போன மாசம் கூக்கால் பக்கம் ஒரு மெஷின் ஏத்தினோம் சார், மழையில மூங்கில்காடு தாண்டவே ஒரு ராத்திரி ஆச்சு" என்றார். சென்னையில் உட்கார்ந்து ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசுகிற ஒருவருக்கு மலைமேல் இருக்கிற கூக்கால் கிராமம் எங்கே தெரியும்? ஏறினவன்தான் அப்படிப் பேசுவான் என்று எனக்குத் தோன்றியது. உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

வாய்ப்பேச்சோடு விடவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன்: வத்தலக்குண்டில் மாற்றுவது, கிரேன், இரண்டாவது வண்டி, மேலே இறக்குவது, எல்லாம் சேர்த்தா? "ஆமா சார், ஆல் இன்க்ளூசிவ், 2,60,000" என்று பதில். வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் எல்லாம் போட்டோவாக வந்தன. முன்பணம் 1,85,000, மீதி மேலே இறக்கிய பிறகு. மாலை ஆறு மணிக்குள் கட்டினால் காலையில் வண்டி கேட்டில் நிற்கும். கட்டினேன்.

காலையில் வண்டி நிஜமாகவே நின்றது. போட்டோவில் இருந்த வண்டி இல்லை, வேறு நம்பர், வேறு டிரைவர். கேட்டால், "அந்த வண்டிக்கு எஃப்சி டியூ சார், இது அதைவிட நல்ல வண்டி." சரி, ட்ரெய்லர் நன்றாகத்தான் இருந்தது, டிரைவரும் சங்கிலி போட்டுக் கட்டத் தெரிந்தவர். எட்டயபுரம், அருப்புக்கோட்டை, மதுரை, நிலக்கோட்டை என்று ஒரு தொல்லையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. வத்தலக்குண்டு வந்ததும் கதை நின்றது.

கிரேன் இல்லை. பத்து சக்கர லாரி இல்லை. ஆப்பில் "வண்டி சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டது" என்று பச்சை டிக். நான் பூம்பாறை என்று போட்ட இடத்தில் வத்தலக்குண்டு என்று மாறியிருந்தது. யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், இன்றுவரை பதில் இல்லை.

முதல் நாள் பதில்: "கிரேன் வந்துட்டே இருக்கு சார்." மாலையில் நிஜமாகவே ஒன்று வந்தது. 12 டன் ஹைட்ரா. பதின்மூன்றரை டன் மெஷினைத் தூக்க 12 டன் ஹைட்ரா! அதுவும் அந்த 12 டன் என்பது வண்டிக்கு ஒட்டினாற்போல் வைத்துத் தூக்கும்போதுதான், பூம் (கிரேனின் கை) நீள நீள அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கிரேன்காரர் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்கிட்ட அஞ்சு டன் ஜெனரேட்டர்னு சொன்னாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, வந்து போன டீசலை என்னிடமே வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

அடுத்த பதில்: "டிக்கெட் ரெய்ஸ் பண்ணிருக்கோம்." அதற்கடுத்து: "உங்க கேஸை சீனியர் டீமுக்கு மாத்திருக்கோம்." என்னிடம் கூக்கால் பேசின ஆளின் நம்பர் அதன் பிறகு எடுக்கவே இல்லை. வேறொரு பெண் வந்தார், நான் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார், கேட்டுவிட்டு, "மலைப்பகுதி டெலிவரி சாத்தியக்கூறைப் பொறுத்தது என்று விதிமுறைகளில் இருக்கு சார்" என்று வாசித்தார். வாட்ஸ்அப்பில் உங்கள் ஆள் 'ஆல் இன்க்ளூசிவ்' என்று எழுதியிருக்கிறாரே என்றால், "அது சேல்ஸ் டீம் சார், ஆபரேஷன்ஸ் டீம் கன்ஃபர்ம் பண்ணலை." பணம் வாங்கும்போது ஒரே கம்பெனி, வேலை என்றால் இரண்டு டீம்.

நடுவில் லோ-பெட் டிரைவர். இவரிடம் கோபப்படலாம் என்று போனால், அவர் கதை என் கதையைவிட மோசம். ஆப்காரர்கள் ஒரு புரோக்கரிடம் கொடுத்து, அவர் தூத்துக்குடியில் இன்னொரு புரோக்கரிடம் கொடுத்து, அவர் இவரைப் பிடித்திருக்கிறார். வத்தலக்குண்டு வரைக்கும்தான் வாடகை, 62,000 பேசி, டீசலுக்கு 20,000 மட்டும் கொடுத்திருக்கிறார்கள். மலை, மாற்றுவது, பூம்பாறை, எதுவும் அவர் காதில் விழவே இல்லை. "பாக்கி வராம இறக்க மாட்டேண்ணே, எனக்கு டியூ கட்டணும். உங்களைச் சொல்லலை, ஆனா மெஷின் என் வண்டி மேலதான இருக்கு" என்றார். அதில் என்ன தப்பு இருக்கிறது? ஆக நான் கட்டின 1,85,000-ல் ரோட்டுக்கு வந்தது இருபதாயிரம். மிச்சம் எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். அவருடைய பாக்கி 42,000-ஐயும் காத்திருப்புக் கூலியையும் நானே கொடுத்து, சரிவுப் பலகை போட்டு மெஷினை ஓட்டி இறக்கினோம். அதுதான் அந்தக் காலி மனை. மனைக்கும் வாடகை.

இதோடு போகவில்லை. இ-வே பில்லில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வண்டி விவரத்தை ஆப்காரர்கள்தான் போட்டார்கள். வண்டி வகையில் 'ஓடிசி' (அளவு மீறிய சரக்கு) என்று தேர்வு செய்ய வேண்டிய இடத்தில் 'ரெகுலர்'. ஓடிசி என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி, ரெகுலர் என்றால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 270 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒன்று 14 நாள், இன்னொன்று 2 நாள். நடுவழியில் சரக்கு தேங்கி நிற்கும்போது இந்த வித்தியாசம்தான் உயிர். காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும். எங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பையன் ராத்திரி உட்கார்ந்து நீட்டித்தான். அவன் கவனித்திருக்காவிட்டால் ஜிஎஸ்டி ஸ்குவாட் பிடித்து, வரியின் இரண்டு மடங்கு அபராதம் என்று அது வேறு ஒரு கணக்காகியிருக்கும்.

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்றேன். உடனே மெயில் வந்தது, அதுவரை வந்த பதில்களிலேயே வேகமானது: "வணிக நோக்கத்துக்காகப் பெறப்பட்ட சேவை என்பதால் தாங்கள் நுகர்வோர் ஆகமாட்டீர்கள்." சட்டத்தில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மை. சொந்தப் பிழைப்புக்கான சுயதொழிலுக்கென்று ஒரு விலக்கும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிட்டார்கள்; அது வாங்கிய பொருளுக்கு மட்டுமா, சேவைக்குமா என்பது வேறு வாதம். வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது. கடைசியாக வந்த சமரசம் என்ன தெரியுமா? அடுத்த புக்கிங்கில் பயன்படுத்த 15,000 ரூபாய் கூப்பன். 1,85,000 வாங்கிக்கொண்டு 15,000-க்கு கூப்பன். அடுத்த புக்கிங்காம்!

இதற்கிடையே மேலே வேலை நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்தச் சரிவில் டிராக் மெஷின் ஓட்ட முடியாது, மண் வழுக்கும். ஆட்களுக்குச் சும்மா சம்பளம் போகிறது. நில உரிமையாளர் நல்லவர், இன்னும் சத்தம் போடவில்லை.

என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உள்ளூர் கிரேன்காரர் திண்டுக்கல்லிலிருந்து கிளம்பிவிட்டார், போக வேண்டும். அவசரத்தில் நாலு சொல்கிறேன்.

துறைமுகம் முதல் அடிவாரம் வரை ஒருவர், அடிவாரத்திலிருந்து மேலே ஒருவர் என்று தனித்தனியாகப் பேசுங்கள். இரண்டாவது ஆள் வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ இருப்பவராக இருக்கட்டும், நேரில் போய் உட்கார்ந்து பேச முடிகிறவர்.

வண்டி நம்பர் மாறினால் ஏற்ற விடாதீர்கள். ஏற்றுவதற்கு முன் டிரைவரிடம் தனியாக, எந்த ஊர் வரைக்கும் வாடகை பேசினாங்க, எவ்வளவு கையில கொடுத்தாங்க என்று கேளுங்கள். உண்மை அங்கேதான் கிடைக்கும்.

கிரேன் என்றால் மெஷின் எடையைச் சொல்லி, எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கும் என்ற சார்ட்டைக் கேளுங்கள். இ-வே பில்லில் ஓடிசி போட்டிருக்கிறதா என்று வண்டி யார்டை விட்டு நகரும் முன் பாருங்கள். லாரி ரசீதில் போய்ச் சேரும் ஊர் என்று உங்கள் சைட் பெயர் இருக்க வேண்டும், அடிவாரம் இல்லை.

கூக்கால், மன்னவனூர், மூங்கில்காடு என்று யாராவது போனில் ஊர்ப் பெயராக அடுக்கினால், ஏற்றின மெஷின்காரர் நம்பரைக் கேளுங்கள். நான் இப்போது கூக்காலில் விசாரித்துவிட்டேன், போன மாசம் அங்கே எந்த மெஷினும் ஏறவில்லை.