கடலூரில் "கேரண்டி வாடகை"க்கு வீடு கேட்டு வருகிறார்கள், உஷார்!

கடலூர், புதுச்சேரி பக்கம் முதலீடாக வீடு வாங்கிப்போட்டு, வெளியூரில் இருப்பவர்களைத் தேடித்தேடி ஒரு கூட்டம் வருகிறது. "வீட்டை மொத்தமா எங்ககிட்ட விட்டுடுங்க. ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை உங்க அக்கவுண்ட்டுக்கு வந்துரும்" என்பார்கள். நம்மிடம் வாடகைக்கு எடுத்து, வேறு ஆளுக்குப் போக்கியத்துக்கு, அதாவது மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு "லீஸ்" என்று, விடுவதுதான் இவர்கள் தொழில்.

எங்கள் வீடு கோண்டூர் பக்கம் இருக்கிறது. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். நாங்கள் இருப்பது நெய்வேலியில். பதிவுச் செலவோடு 55 லட்சம் ஆன வீடு அது. அந்தத் தெரு நிலவரத்துக்கு இரண்டு போர்ஷனும் சேர்ந்து 18,000 வாடகை போகும், வருஷத்துக்கு 2,16,000. நூற்றுக்கு நாலு கூடத் தேறாது. அதிலும் வீட்டு வரி, சுண்ணாம்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் கழிய வேண்டும். வந்த ஏஜெண்டுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 22,000 தருகிறேன் என்றார். மூன்று மாத முன்பணம் 66,000 ரூபாயைப் பேசிய அன்றே போட்டுவிட்டார். தெரு வாடகையைவிட 4,000 ரூபாய் கூடத் தருகிற ஆள் அதை எங்கிருந்து எடுப்பார்? "நாங்க கம்பெனி ஆளுங்களுக்கு விடுறோம் ஐயா, அவங்க கூடத் தருவாங்க" என்று அதற்கும் பதில் வைத்திருந்தார். சிப்காட் இருக்கிற ஊரில் நம்பக்கூடிய பதில்தான்.

ஏழெட்டு மாதம் பணம் சரியாக வந்தது. அப்புறம் "அடுத்த வாரம்", அப்புறம் போன் சுவிட்ச் ஆஃப். நேரில் போய்க் கதவைத் தட்டினால், கீழ் வீட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி: "நாங்க அஞ்சு லட்சம் குடுத்து இருக்கோம். நீங்க யாரு சார்?"

மேல் வீட்டில் 4 லட்சம் வாங்கியிருக்கிறார். ஆக மொத்தம் 9 லட்சம். எங்களுக்குத் தந்தது முன்பணம், வாடகை எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சத்துக்குள். மீதியோடு ஆள் கம்பி நீட்டிவிட்டார். அவர் தந்த அந்த 22,000 கூட அந்தக் குடும்பங்களின் காசிலிருந்து வந்ததுதான்.

இனி பத்திரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வலை பின்னப்பட்டது அங்கேதான். "வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்ட்" என்று வாயால் பேசிய ஆள், பத்திரத்தில் வாடகைதாரராகக் கையெழுத்துப் போட்டிருந்தார். நாலாவது பக்கத்தில் ஒரு வரி: "இரண்டாம் தரப்பினர் தன் விருப்பப்படி மூன்றாம் நபர்களைக் குடியமர்த்திக்கொள்ளலாம்." தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. அந்தச் சம்மதத்தை நம் கையெழுத்தாலேயே வாங்கிவிடுகிற வரி அது. அதன் ஜெராக்ஸையும் வீட்டு வரி ரசீதையும் காட்டித்தான் இரண்டு குடும்பத்திடமும் பணம் வாங்கியிருக்கிறார்.

அதே சட்டத்தில் சொத்து மேலாளர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அவர் யார், எதற்கெல்லாம் அதிகாரம் பெற்றவர் என்பதை உரிமையாளர் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். உண்மையிலேயே வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் அந்த முறையில் போடுங்கள். குடியிருப்பவருடன் ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும், வாடகை உங்கள் கணக்குக்கு வரட்டும், மேலாளருக்குக் கமிஷன் மட்டும் கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஏஜெண்டிடம் பேச்சை அதோடு நிறுத்திவிடலாம்.

"பதினோரு மாசம்தானே ஐயா, பதிவு எதுக்கு?" என்று கேட்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அது வேறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் பதினோரு மாத ஒப்பந்தத்தையும் விடுவதில்லை, அதையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இவர்கள் பதிவைத் தவிர்ப்பது செலவுக்குப் பயந்து அல்ல.

வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. இருக்காமல் என்ன, பதிவானதுதானே அதில் வரும்? 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சொத்து மாற்றச் சட்டம். சுவாதீனத்தோடு தருகிற போக்கியமும் அடமானம்தான். இவரோ 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். சட்டத்தில் அந்தத் தாளுக்குப் பெரிய மதிப்பில்லை என்று வக்கீல் சொல்கிறார், ஆனால் சாவி அவர்கள் கையில் இருக்கிறது. ஐந்து லட்சத்தை இழந்த குடும்பத்தைத் தெருவில் இறக்க நமக்கும் மனசு வராது. போக்கியத்துக்கு வீடு தேடுகிறவர்களும் கவனியுங்கள்: வீட்டுக்காரரை நேரில் பார்க்காமல், பதிவில்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

இதே ஆள் புதுச்சேரிப் பகுதியிலும் கன்னியக்கோவில் வரை வீடு பிடித்திருக்கிறார், இரண்டு இடத்துக்கும் ஒரே அச்சடித்த பத்திரம். எல்லையில் இருக்கிற முள்ளோடை என்றால் பலருக்கு மதுக்கடைதான் ஞாபகம் வரும். வீடு வைத்திருப்பவர்களுக்கு அங்கே சட்டமே மாறுகிறது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது. அங்கே 1969ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. பாகூர் பக்கம் வீடு வாங்குகிறவர்கள் கடலூர் பத்திரத்தைக் காப்பியடிக்காமல், புதுச்சேரியில் வழக்கு நடத்துகிற வக்கீலைப் பாருங்கள்.

போலீஸில் முதலில் "இது சிவில் மேட்டர்" என்றுதான் சொன்னார்கள். இரண்டு குடும்பமும் நாங்களும் தனித்தனியாக எழுதி, பணம் போன வங்கி விவரத்தோடு ஒரே நேரத்தில் கொடுத்த பிறகுதான் மனு நகர்ந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக்கு 318ஆம் பிரிவு இருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். மேல் வீட்டுக்காரர் இப்போது பாதி வாடகையை நேராக எங்களுக்கே தருகிறார். போக்கியத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்று ஒவ்வொரு ரசீதிலும் எழுதித்தான் வாங்குகிறோம். கீழ் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.

இந்த மாதிரி ஏற்பாட்டில் வீட்டைக் கொடுத்துவிட்டு, வாடகை சரியாக வருகிறதே என்று இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே நேரில் போங்கள். குடியிருப்பவரிடம் மாத வாடகை எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். "வாடகை இல்லையே, லீஸ்" என்று பதில் வந்தால் அவர்கள் வைத்திருக்கிற பத்திரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஏஜெண்டுக்குச் சொல்லாமல் வக்கீலிடம் போய்விடுங்கள்.