எட்டு வருடமாக அந்த பிளஸ் மைனஸ் பட்டனோடு

போன வாரம்தான் ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விட்டு மூடுகிற கதவு, மாற்றி கேமரா வீட்டுக்கு வந்தது. பெட்டியைப் பிரித்து ஒரு படம் எடுப்பதற்குள் சித்தி மகன் போன் போட்டுவிட்டான். "அண்ணே, ஒங்க மாடல் செகண்ட் ஹேண்ட்ல வருது, வாங்கவா?" பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் எட்டு வருடத்து ஆத்திரத்தைக் கொஞ்சம் கொட்டிக்கொள்ள வேண்டும். கம்பெனி பெயர் வேண்டாம். தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 லென்ஸ், அவ்வளவுதான். மெகாபிக்சல் கணக்கையெல்லாம் கடைக்காரரே ஒப்பிப்பார்.

என் தகராறு ஒரே ஒரு பட்டனோடு. ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்தில், பிளஸ் மைனஸ் போட்டு, மிளகு அளவில் இருக்கும். கேமரா போடுகிற கணக்கைவிடப் படத்தை வெளுப்பாக்கவோ இருட்டாக்கவோ அது.

வாங்கிய வருடமே தூத்துக்குடி உப்பளத்துக்குப் போனேன். உச்சி வெயில், கண் கூசுகிற வெள்ளைக் குவியல்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாம் சிமென்ட் கொட்டி வைத்த மாதிரி. கேமரா மேல் பழி போட்டேன். அது தன் வேலையைத்தான் செய்திருந்தது. உள்ளே ஒளியை அளக்கிற மீட்டருக்கு உப்பும் தெரியாது, எருமையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல், அதாவது விழுந்த ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற பொருள், என்றே வைத்துக் கணக்குப் போடும். வெள்ளையைக் காட்டினால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று குறைத்துவிடும். எருமையைக் காட்டினால் ஏற்றிவிடும், அதுவும் விபூதி பூசிக்கொண்டு வந்து நிற்கும்.

பழைய ஃபிலிம்காரர்களின் வெயில் கணக்குப்படி ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, எஃப் (லென்ஸ் துவாரத்தின் எண், கூடினால் துவாரம் சிறுக்கும்) 16 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 நொடி. நான் வைத்திருந்தது எஃப் 8. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு; துவாரம் இரண்டு ஸ்டாப் பெரிது, ஒளி நாலு மடங்கு, ஆக 1/400 போதும். மீட்டர் பிடித்ததோ 1/1000. இடையில் போன ஒன்றேகால் ஸ்டாப் சொச்சம்தான் உப்பைச் சிமென்ட் ஆக்கியது. அடுத்த முறை போனபோது அந்தப் பட்டனை அமுக்கிப் பிடித்து, டயலைச் சுற்றி, பிளஸ் 1.3 வைத்தேன். உப்பு உப்பாகவே வந்தது. அந்த ஒரு படத்துக்காக இந்தக் கேமராவுக்குக் கோயில் கட்டலாம்.

ஆனால் பாவி, எதையும் மறக்க மாட்டான். ஆஃப் செய்தாலும், பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பிளஸ் 1.3 அப்படியே நிற்கும். அன்று சாயங்காலம் திருச்செந்தூர் கடற்கரையில் 60 படம் எடுத்தேன். அத்தை முகம் சுண்ணாம்பு, மேகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத்தாள். இருட்டாக வந்த படத்தை ரா ஃபைலில் (கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கிற ஃபைல்) ஓரளவு தூக்கிவிடலாம். ஒளியைப் பதிகிற சென்சார் நிரம்பி வழிந்த இடத்தில் தூக்குவதற்கு என்ன இருக்கிறது?

நியாயமாகப் பார்த்தால், வியூஃபைண்டருக்குள் ஒரு குறி காட்டத்தான் செய்கிறது. வெயிலில், மூக்குக்கண்ணாடியோடு, அதை எவன் பார்த்தான்? "எம் மோடில் எடு, எல்லாவற்றையும் நீயே வைக்கலாம், இந்த வம்பே இல்லை" என்றார்கள். எடுத்தேன். டயல் ஒன்றே ஒன்று, அது ஷட்டருக்கு. அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் துவாரத்தை, மாற்ற அதே மிளகைத்தான் அமுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். தாலி கட்டுகிற நேரத்தில் விரலைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறேன். (மண்டபம் என்றதும் இன்னொன்று. பழைய சோக் வைத்த டியூப்லைட் இருந்தால் 1/100-ஐத் தாண்டாதீர்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். வேகம் கூட்டினால் ஒரு படம் பளிச், அடுத்தது மங்கல்.)

போன மாதம் வெயிலில் எடுத்த படங்களில் ஒரு ஓரமாகக் கறுப்புப் பட்டை விழுந்தது. வழக்கம்போல அந்தப் பட்டனைத்தான் திட்டினேன், இரண்டு வாரம். 1/100-இல் படம் சுத்தம், 1/1000-இல் பட்டை என்று சொன்னதுமே பழுது பார்க்கிறவர் சிரித்துவிட்டார். ஷட்டரில் இரண்டு திரை. வேகம் கூடும்போது முதல் திரை முழுக்கத் திறப்பதற்குள் இரண்டாவது துரத்திக்கொண்டு கிளம்பிவிடும், நடுவில் ஒரு கீற்று மட்டும்தான் சென்சார் மேல் ஓடும். என் கேமராவில் முதல் திரை தளர்ந்துபோய், இரண்டாவது அதை வழியிலேயே பிடித்துவிடுகிறது. 6,500 ரூபாய். பட்டன் மேல் குற்றமில்லை. இந்த ஒரு வழக்கில் மட்டும்.

மற்றபடி எட்டு வருடம் மழை, மணல், மண்டபத்துச் சாம்பார் எல்லாவற்றையும் தாங்கியிருக்கிறது. எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விடுவது, என்றால் என்னவென்று எனக்குப் படியவைத்ததும் இதுதான். வீட்டில் புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல கேமரா எனக்குத் தெரியாது.

சித்தி மகன் போன் போட்டபோது புது ஷட்டரின் முதல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா. சேலையும் முகமும் ஒரே வெளுப்பு. கேமராவின் செட்டிங்கைப் பார்த்தால், பிளஸ் 1.3. எல்லாவற்றையும் கழற்றி மாட்டியவர்கூட அதைத் தொடவில்லை.

"வாங்காதடா" என்றேன்.