ரசீதில் ஒரு பரிசோதனை, ரிப்போர்ட்டில் வேறொன்று

கடலூரில் ஏ.என்.ஏ (உடலின் சொந்த செல் கருவையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் உண்டா என்று பார்ப்பது) பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என் தங்கைக்குக் குளிர்ந்த தண்ணீரில் கை பட்டால் விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாரிக்கும். காலையில் மோதிரம் ஏறாத அளவுக்கு வீக்கம் வேறு. புதுச்சேரியில் பார்த்த மூட்டுவாத நிபுணர், இரண்டு மூன்று தன்னுடல் தாக்கு நோய்களின் அறிகுறிகள் கலந்து தெரிகின்றன என்று சொல்லி, 'ஏ.என்.ஏ, ஐ.எஃப்.ஏ முறையில்' என்று சீட்டில் அடிக்கோடிட்டே எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு அருகிலிருந்த லேபில் அந்த முறைக்குத்தான் பணம் வாங்கினார்கள். ரசீதிலும் அப்படியே இருக்கிறது. வந்த ரிப்போர்ட்டிலோ 'பாசிட்டிவ்' என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் ஓர் எண், அடியில் பொடி எழுத்தில் 'முறை: எலைசா'.

கேட்டதற்கு, "இரண்டும் ஒன்றுதான் சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். அதோடு விட்டாரா? "இது லூபஸ்தான். மாதாமாதம் எடுத்துப் பாருங்கள், பேக்கேஜில் குறைத்துத் தருகிறோம்" என்று தங்கையின் எதிரிலேயே சொன்னார். அன்று இரவு அவள் சாப்பிடவே இல்லை. லூபஸ் என்பது தோல், மூட்டு, சிறுநீரகம் வரை தாக்கக்கூடிய தன்னுடல் தாக்கு நோய். அதைச் சொல்ல இவர் யார்?

ஐ.எஃப்.ஏவில் ஹெப்-2 என்ற, ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் மீது நோயாளியின் சீரத்தை விட்டு, ஒளிரும் சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்கிறது, எந்த வடிவில் ஒளிர்கிறது என்ற இரண்டும் அதில் தெரியும். எலைசாவில் நிறமாற்றத்தை இயந்திரம் அளந்து ஓர் எண் தரும்; வடிவம் தெரியாது. 1:80 அளவில் (80 மடங்கு நீர்த்த சீரத்தில்) நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் பலருக்குப் பாசிட்டிவ் வரும். ஆகவே வெறும் 'பாசிட்டிவ்' டாக்டருக்கு அதிகம் உதவாது. மாதாமாதம் எடுப்பதும் தண்டச் செலவு. நோய் கூடுவதும் குறைவதும் ஏ.என்.ஏ அளவில் தெரிவதில்லை.

டாக்டர் அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் எழுதினார். புதுச்சேரியில் வேறொரு லேபில் 1:1280, பெரும்புள்ளி வடிவம் என்று வந்தது. அடுத்து, எதிர்ப்பொருள் எந்தக் கருப்பொருளுக்கு எதிரானது என்று பிரித்துக் காட்டும் ஈ.என்.ஏ தொகுப்பில் யூ1-ஆர்.என்.பி மட்டும் வலுவான பாசிட்டிவ், லூபஸைச் சுட்டும் எஸ்.எம், டி.எஸ்-டி.என்.ஏ இரண்டும் நெகட்டிவ். 1972இல் ஷார்ப் என்ற மருத்துவரின் குழுவினர் விவரித்த, யூ1-ஆர்.என்.பியை அடையாளமாகக் கொண்ட கலப்பு இணைப்புத்திசு நோயாக இருக்கலாம் என்று, நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தைப் பார்க்க எக்கோவுக்கு அனுப்பியிருக்கிறார்.

ரத்தம் எடுக்கவிடுமுன் கேளுங்கள்: எந்த முறை, எங்கே செய்கிறார்கள், நீர்ப்பளவும் வடிவமும் ரிப்போர்ட்டில் வருமா? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதிய கடிதத்துக்கு லேப் இன்னும் பதில் தரவில்லை. ரசீதையும் ரிப்போர்ட்டையும் இணைத்து நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.