லேடிபேர்டா, மாஸ்கோவா, நம்மூர்ப் பதிப்பா?

பழம்பொருள் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தேக்குத் தூணுக்கும் பீங்கானுக்கும் எனாமல் சாமானுக்கும் வருகிறவர்கள். புத்தகம் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூலையைக் காட்டுவார். வயல், கண்மாய், காடு, அங்கே வாழும் பறவை, விலங்கு என்று பேசும் பழைய சிறுவர் நூல்களைச் சேர்க்க நினைப்பவருக்கு அந்த மூலையிலும் எடைக்கு எடுக்கும் பேப்பர் கடைகளிலும் மூன்று வகை அகப்படும்: மலேயா, சிலோன் போய்வந்த குடும்பங்களின் அலமாரியிலிருந்து கழிந்த ஆங்கில நூல்கள், மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள், நம் நாட்டிலேயே வந்த தமிழ்ப் பதிப்புகள். காசு அளவாகத்தான் இருக்கிறது என்றால் மூன்றாவதை முதலில் வாங்குங்கள் என்பதே என் கட்சி.

முதல் வகையில் முக்கியமானது இங்கிலாந்தின் லேடிபேர்டு பதிப்பகச் சிறுவர் நூல்கள். அழகில் லேடிபேர்டை எதுவும் தொட முடியாது, அதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். 'வாட் டு லுக் ஃபார்' வரிசையில் நான்கு பருவத்துக்கு நான்கு நூல், 1959 முதல் 1961 வரை வந்தவை. எழுத்து ஈ. எல். கிராண்ட் வாட்சன், ஓவியம் சார்லஸ் டன்னிக்ளிஃப். ஒவ்வொன்றிலும் 24 முழுப்பக்க வண்ண ஓவியங்கள். டன்னிக்ளிஃப் பண்ணையில் வளர்ந்தவர். அதனால் அவருடைய பறவை வெற்றுத் தாளில் தனியாக நிற்பதில்லை. உழுத வயல், வேலி, வேலை செய்யும் ஆள் எல்லாம் சேர்ந்தே வரும். ஒரே பெரிய தாளில் புத்தகம் முழுவதையும் அச்சடித்து மடித்து 56 பக்கமாக்கும் முறையால்தான் இரண்டரை ஷில்லிங் விலையை அவர்களால் வெகுகாலம் ஏற்றாமல் வைத்திருக்க முடிந்தது. அந்த விலையே நமக்குத் துப்பும் ஆகிறது. ஷில்லிங்கில் விலை போட்டிருந்தால் 1971 பிப்ரவரியில் இங்கிலாந்து தசம நாணயத்துக்கு மாறியதற்கு முந்தைய அச்சு. பென்ஸில் மட்டும் இருந்தால் பிந்தையது. 1960களின் நடுப்பகுதி வரை மேலுறை இருந்தது, ஆகவே மேலுறையோடு கிடைப்பது இன்னும் முந்தையது.

சிக்கல் என்னவென்றால், லேடிபேர்டு நூல்கள் லட்சக்கணக்கில் அச்சானவை. இன்று விட்டால் நாளை இன்னொன்று வரும். கிறுக்கல், முதுகு கிழிசல், மேலுறை இல்லாமை என்று எது இருந்தாலும் வாங்காமல் வந்துவிடலாம். இன்னொன்று, அதில் வரும் ராபினும் பேட்ஜரும் நம் பிள்ளைக்குக் கதைதான். சிறு நீல மீன்கொத்தி, தாழைக்கோழி போன்ற சில பறவைகள் இரண்டு நாட்டுக்கும் பொது, அதே இனம்தான். அந்தப் பக்கம் வரும்போது நம் கண்மாய்க்கரைப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

மாஸ்கோ நூல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னேற்றப் பதிப்பகம், 1982க்குப் பிறகு ராதுகா. இங்கே விற்றது நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம், அவர்களுடைய புத்தக வேனை நினைவில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். தாள் நல்ல தாள், படம் பெரிய படம், கரடியும் முள்ளெலியும் பனிக்காடும். 1991இல் சோவியத் உடைந்ததும் வரத்து நின்றது. சிறுவயதில் படித்தவர்கள் இப்போது ஆசைக்குத் திரும்ப வாங்குகிறார்கள், ஆக விலை புத்தகத்துக்கு இல்லை, ஞாபகத்துக்கு. மெல்லிய நூல்களைப் பிரித்து நடுப்பக்கத்து ஸ்டேப்பிளைப் பாருங்கள். துரு ஏறித் தாளைத் தின்றிருந்தால் வேண்டாம்.

சரி, நம்மூர்ப் பதிப்புக்கு வருவோம். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ஜமால் ஆராவின் 'பறவைகளைப் பார்' கையில் இருந்தால், குளிர்காலத்தில் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போய் நத்தைக்குத்தி நாரையையும் வக்காவையும் பார்த்துவிட்டு வந்து பக்கத்தைப் புரட்டலாம். அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. டிரஸ்ட் நூல்களில் ஆங்கில ஆண்டோடு இந்திய அரசு நாட்காட்டியின் சக ஆண்டும் இருக்கும். 1970 என்றால் சக 1892. மறு அச்சுகள் நிறைய, ஆண்டு போட்ட பக்கத்தைப் பார்க்காமல் முதல் பதிப்பு விலை கொடுக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய வேட்டை, பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை கொண்டுவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம். பத்துத் தொகுதி. அகர வரிசையில் போவதால் அணில் ஒரு தொகுதியில், மயில் வேறொன்றில். உதிரியாகத்தான் கிடைக்கும், உதிரியாகவே வாங்குங்கள். படிக்க மட்டும் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே இருக்கிறது.

நம்மூர்ப் பதிப்புகளை வேண்டாமென்று ஒதுக்குவதற்கு லேடிபேர்டு அளவுகோல் உதவாது. மட்டமான தாள், மெல்லிய அட்டை, பத்துப் பிள்ளைகள் கை மாறிப் படித்தது, மிச்சம் இராமபாணப் பூச்சிக்கு. பழைய வீட்டைப் பிரிக்கும்போது ஆச்சியிடம் கேட்டால், "பிள்ளைக படிச்சதெல்லாம் எடைக்குப் போட்டாச்சுப்பா, வேணும்னா அந்த டிரங்குப் பெட்டியைப் பாரு" என்பார். பெட்டியில் இருப்பது அட்டை போனது, பள்ளி நூலக முத்திரை குத்தியது, காலிகோ துணி பைண்டிங்குக்காக ஓரம் வெட்டியது எதுவானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிரதிக்குக் காத்திருந்தால் அது வராமலே போகலாம். செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள்.

பத்திரிகைகளும் அந்தப் பெட்டியில் இருக்கலாம். 'அணில்', 'பாப்பா' நடத்திய சக்தி வை. கோவிந்தனும் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்துக்காரர்கள், புதுக்கோட்டையோ சிறுவர் பத்திரிகைகள் பல வந்த ஊர். முழு இதழும் காட்டு விலங்காக இருக்காது. ஒரு பாட்டு, ஒரு படம், அவ்வளவுதான். எனக்கு அது போதும். துண்டுத் தாளும் வீணில்லை: கோட்டையூர்ச் சேகரிப்பாளர் ரோஜா முத்தையா திருமண அழைப்பிதழையும் துண்டு நோட்டீஸையும்கூட விடாமல் சேர்த்தவர். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது, இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போக விரும்பினால், முதலில் புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தில் அரைநாள் உட்கார்ந்து பழைய பதிப்புகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.